கவர்னருக்கு வந்த குண்டு

இருநூறு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆங்கிலேயக் கப்பல் சுட்ட பீரங்கிக் குண்டு, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஒர்த்தான்ஸ் வீராப்பனின் முன்னறைக்குள் மூக்கை நீட்டியபோது, அவள் தன் சாப்பாட்டுக் கடையின் மதியப் பந்திக்காகச் சீமைப்பலா அரிந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். பக்கத்து வீட்டு ஃபெலிசிதேயின் சுவரில் கொத்தனார் முன்கூட்டியே வெட்டி வைத்திருந்த வட்ட ஓட்டை வழியாக, உரித்த தேங்காய் அளவில், கன்னங்கரேலென்று, இன்னும் பீரங்கியின் சூடு ஆறாமல், அது நெஞ்சு உயரத்தில் அந்தரத்தில் நின்றது. நின்றது என்று சொல்வதுகூடத் தப்பு, நாளொன்றுக்கு ஒரு விரற்கடை வீதம், யாருக்காகவும் அவசரப்படாமல் வந்துகொண்டிருந்தது.

"வந்துட்டியா? உன் மூஞ்சியப் பாக்கறதுக்குள்ள எனக்குத் தலை நரைச்சிடுச்சு," என்றாள் ஒர்த்தான்ஸ். அரிவாள்மனையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டு மிச்சத்தை அரிந்து முடித்தாள்.

அந்தக் குண்டின் கதையும் சான்-பிரீஸ் பட்டணத்தின் கதையும் ஒன்றுதான். கரீபியக் கடலில் இருக்கும் ஒரேலித் தீவுக்கு ஒரு காலத்தில் சான்-பிரீஸ்தான் தலைநகரம். பிரெஞ்சுக் கவர்னர் தெ பொம்மரோல் தன் மாளிகையின் முன் தாழ்வாரத்தில், கடலைப் பார்த்து நாற்காலி போட்டு, காபி குடித்துக்கொண்டேதான் தீவை ஆண்டார். வரி போட்டார், கசையடி கொடுத்தார், கரும்புத் தோட்டத்துக்கு அடிமைகளைப் பங்கு பிரித்தார், எல்லாம் ஒரு கோப்பை காபிக்கும் அடுத்த கோப்பைக்கும் நடுவில். ஒருநாள் வளைகுடாவுக்குள் ஆங்கிலேயக் கப்பல் நுழைந்து, அவர் கோப்பைக்கே குறி வைத்து ஒரே ஒரு குண்டைச் சுட்டது. புகை தெரிந்தது, சத்தம் கேட்டது, குண்டு வரவில்லை. கவர்னர் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்து பார்த்தார், பிறகு திறந்து பார்த்தார். தூரத்தில் கடலுக்கு மேலே ஒரு கரும்புள்ளி தொங்கியது. காபியைக் குடித்து முடித்தார். சாயங்காலம் பார்த்தபோது அந்தப் புள்ளி ஒரு விரற்கடை முன்னால் வந்திருந்தது.

வேகமாக வருகிற குண்டுக்கு எதிரே நெஞ்சை நிமிர்த்தி நிற்க எத்தனையோ வீரர்கள் உண்டு. மெதுவாக வருகிற குண்டுக்கு எதிரே தினமும் காலையில் உட்கார்ந்து ரொட்டிக்கு வெண்ணெய் தடவ யாராலும் முடியாது, கவர்னராலும் முடியவில்லை. சண்டை முடிந்து சமாதானமாகி, ஆங்கிலேயக் கப்பல் தலைவன் கரைக்கு வந்து தொப்பியைக் கழற்றி, "மன்னிக்கணும் பிரபு, சுட்டது சுட்டதுதான், கூப்பிட்டா திரும்பி வராது," என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த வாரமே கவர்னர் மூட்டை கட்டினார். தீவின் மறுபக்கத்தில் கொசு மொய்க்கும் போர்-நெஃப் என்ற மீன்பிடிக் குப்பத்துக்குப் புறப்படும் முன், துறைமுகத்தில் தமுக்கு அடிக்கச் சொல்லி, ஊர் கூடியதும் அறிவித்தார்: இந்தக் குண்டு என் வீட்டுச் சுவரில் பட்டு ஓய்கிற நாள் வரைக்கும் தலைநகரம் போர்-நெஃபில் இருக்கும், ஓய்ந்த மறுநாள் இங்கேயே திரும்பி வரும்.

அந்த அறிவிப்பை சான்-பிரீஸ் மறக்கவே இல்லை. ஒவ்வொரு வருஷமும் அதே தேதியில் மேயர் அதே இடத்தில் நின்று தமுக்கு அடித்து அதே வார்த்தைகளைச் சொல்லுவார், ஜனங்கள் கைதட்டுவார்கள், பிறகு ரம் குடிப்பார்கள். குண்டு கடலுக்கு மேலே வந்துகொண்டிருந்த வருஷங்களில் நாரைகள் அதன்மேல் உட்கார்ந்து குளிர்காய்ந்தன. அது சுங்கச் சாவடிக்குள் நுழைந்தபோது அடிமைத்தனம் ஒழிந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று படித்தவர்கள் சொன்னார்கள், யாரும் நம்பவில்லை. அது மீன் சந்தையைத் தாண்டிக்கொண்டிருந்தபோது, காரைக்காலில் கப்பலேறிய தமிழர்கள், பெரிய தலைநகரத்துக்கு அழைத்துப் போகிறோம் என்ற பேச்சை நம்பி வந்து இறங்கினார்கள். தலைநகரம் எங்கே என்று கேட்டார்கள். அது போய் ரொம்ப நாளாயிற்று, குண்டு மட்டும் இருக்கிறது என்று சொன்னார்கள். வந்தவர்கள் அந்தரத்தில் தொங்கிய அந்தக் கறுப்பு உருண்டையைப் பார்த்து, நம்ம சாமி நமக்கு முந்தி வந்துவிட்டது என்று, அதற்குக் கீழே தேங்காய் உடைத்து, மறுநாள் கரும்பு வெட்டப் போனார்கள். ஒர்த்தான்ஸின் புருஷனுடைய முப்பாட்டனார் அவர்களில் ஒருவர். பேச்சு தீவு மொழியான கிரியோலாகிப் பேர் பிரெஞ்சாகிப் போன பிறகும், ஏசுவதற்கும் கொஞ்சுவதற்கும் அந்தக் குடும்பங்களில் தமிழ் மிச்சமிருந்தது, ஒர்த்தான்ஸிடம் இரண்டுக்குமே நிறைய இருந்தது.

குண்டு வீடுகளுக்குள் வரத் தொடங்கியபோது ஊர் அதற்கும் ஒரு வழக்கம் பண்ணிக்கொண்டது. அதைத் தடுத்துப் பார்த்தார்கள், கயிறு கட்டி இழுத்துப் பார்த்தார்கள், கயிறு கருகியது. ஆகவே குண்டு வருகிற சுவரில் கொத்தனாரை வைத்து முன்னாலேயே ஓட்டை போட்டுக் கொடுத்துவிடுவது, போன பிறகு ஓட்டையை அடைக்காமல் சுற்றிச் சுண்ணாம்பு பூசி விட்டுவிடுவது என்று ஆயிற்று. சுங்கச் சாவடியில் நின்று குனிந்து பார்த்தால் வீடு வீடாக ஒரே நேர்க்கோட்டில் வட்ட வட்ட ஓட்டைகள் தெரியும். அந்த வரிசைக்குக் குண்டுச் சந்து என்று பேர். அது வழியாகக் குழம்புக் கிண்ணம் போகும், காதல் கடிதம் போகும், யார் வீட்டில் என்ன சண்டை என்ற செய்தி காற்றைவிட வேகமாகப் போகும். குண்டு தங்குகிற வருஷம் அந்த வீட்டுக்கு மரியாதை. அதன் சூட்டில் பாலைக் காய்ச்சுவார்கள், ஈரத் துணியைக் காயவைப்பார்கள், பிறந்த குழந்தையை அதன் பக்கத்தில் ஒரு நிமிஷம் காட்டி எடுப்பார்கள். இரண்டு வீட்டுக்கு நடுவில் ஓட்டை போடுவதற்கு முன் அந்த இரண்டு வீட்டுக்காரர்களும் பழைய பகையை விட்டுவிட வேண்டும் என்பதும் வழக்கம். ஒரு கோழி விஷயமாக வருஷக் கணக்கில் பேசாமலிருந்த ஒர்த்தான்ஸும் ஃபெலிசிதேயும் அதற்காகவே மேயர் முன்னால் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கட்டிப்பிடித்தபடியே ஃபெலிசிதே காதில் சொன்னாள், "கோழி என்னுதுதான்." ஒர்த்தான்ஸ் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்துச் சொன்னாள், "நல்லா இருந்துச்சு."

சான்-பிரீஸில் ஒர்த்தான்ஸின் வீடுதான் கடைசி. அதற்குப் பின்னால் ஒரு புறக்கடை, புறக்கடைக்குப் பின்னால் புதர் மண்டிய மாளிகைத் தோட்டம். முன்னறை, நடுவறை, சமையலறை. அப்புறம் நேரே மாளிகைச் சுவர்தான். தலைநகரம் திரும்பி வந்தால் ஊருக்குப் பெருமை வரும் என்று மேயர் சிப்ரியேன் மீசையை முறுக்கிக்கொண்டிருந்தார். ஒர்த்தான்ஸுக்குப் பெருமை வேண்டியிருக்கவில்லை. தலைநகரம் போகும்போது வெறுங்கையோடு போகவில்லை. பிறகு வந்து வந்து கோயில் மணியை எடுத்துப் போனது, நீதிமன்றத்தை எடுத்துப் போனது, ஆஸ்பத்திரியை எடுத்துப் போனது, கவர்னர் சிலையைக்கூடக் குதிரையோடு பெயர்த்துப் போனது. பீடம் மட்டும் நின்றது, அதில் ஜனங்கள் மீன் காயவைத்தார்கள். அதெல்லாம் போகட்டும். கடைசியில் அது அவள் பிள்ளை ஒக்தாவையும் எடுத்துப் போயிற்று. ஒரே பிள்ளை. பொதுப்பணித் துறையில் பொறியாளர். நல்ல நாளுக்கு வருவான், சட்டை மடிப்புக் கலையாமல் உட்கார்ந்து சாப்பிடுவான், பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று எழுந்துவிடுவான். புருஷன் செத்த பிறகு அவள் தினமும் ஊருக்கெல்லாம் கொலோம்போ என்று தீவே கொண்டாடுகிற ஆட்டுக்கறிக் குழம்பு வைத்தாள், தன் தட்டை மட்டும் தனியாக வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். அவள் கணக்கு ரொம்ப எளிமையானது: பிள்ளை தலைநகரத்தில் வேலை செய்கிறான், தலைநகரம் தன் தெருவுக்கு வந்தால் பிள்ளை தன் வீட்டுக்கு வருவான்.

குண்டு முன்னறையைக் கடந்து, நடுவறையைக் கடந்து, சமையலறைக்குள் வந்து அடுப்பைத் தாண்டிக்கொண்டிருந்த மாசத்தில், ஒக்தாவ் நல்ல நாள் எதுவும் இல்லாமலே வந்து நின்றான். கையில் தோல் பெட்டி, முகத்தில் தூக்கமில்லாத களைப்பு.

"என்னடா திடுதிப்புனு? உடம்பு சரியில்லையா? வேலைய விட்டுட்டியா?" கடைசிக் கேள்வியில் அவளை அறியாமல் ஆசை தொனித்தது.

"வேலையாத்தாம்மா வந்திருக்கேன். மாளிகைய இடிக்கச் சொல்லியிருக்காங்க. ஆபத்தான கட்டடமாம்."

ஒர்த்தான்ஸ் கரண்டியைக் கீழே வைத்தாள். "இருநூறு வருஷமா இல்லாத ஆபத்து இப்ப எங்கேர்ந்து வந்துச்சு?"

ஒக்தாவ் குண்டைக் கண்ணால் காட்டினான். சுவர் இருந்தால்தானே குண்டு அதில் படும். பட்டால்தானே தலைநகரம் திரும்ப வேண்டும். சுவர் இல்லாவிட்டால் குண்டு பாட்டுக்குத் தோட்டத்தைக் கடந்து, மலையைத் துளைத்து, எப்போதோ மறுபக்கத்துக் கடலுக்குப் போய்விடும். போர்-நெஃபில் வீடு கட்டியவர்கள், தோட்டம் போட்டவர்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தவர்கள் எல்லாரும் பயந்துபோயிருந்தார்கள்.

"அந்த வேலைக்கு உன்னையா அனுப்பினாங்க? என் வயித்துல பொறந்துட்டு எங்க ஊரையே இடிக்க வந்தியா?"

"வேற ஆளு வந்தா உன் வீட்டையும் சேத்து இடிப்பான்மா. நான் வந்தா மாளிகைய இடிக்கறதோட நிக்கும்."

அவளுக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது, அவன் இளைத்துப்போயிருந்ததும் கண்ணில் பட்டது. "முதல்ல சாப்பிடு. அப்புறம் போயி இடி," என்றாள்.

சாப்பிட்டுவிட்டுப் போனவன் கொஞ்ச நேரத்திலேயே திரும்பி வந்தான். பேய் அறைந்தவன் போலிருந்தான். புதரையெல்லாம் விலக்கிப் பார்த்ததில், அங்கே ஒரு வாசல் நிலையும் அதில் கட்டியிருந்த இரண்டு ஆடுகளும் மட்டும் இருந்தன. இடிப்பதற்கு மாளிகை இல்லை.

செய்தி குண்டுச் சந்து வழியாக ஒரே மூச்சில் துறைமுகம் வரை போயிற்று, ஊர் முழுக்கப் புதரைப் பார்க்க ஓடி வந்தது. யாருக்கும் நம்ப முடியவில்லை. மாளிகையை யார் திருடினது என்று மேயர் சிப்ரியேன் கத்தினார். கத்திக்கொண்டிருக்கும்போதே அவர் குரல் இறங்கிப் போயிற்று, ஏனென்றால் அவருக்கும் ஞாபகம் வந்துவிட்டது, எல்லாருக்கும் ஞாபகம் வந்துவிட்டது.

சான்-பிரீஸில் கல்யாணமான மூன்றாம் நாள் மாப்பிள்ளை மாளிகைத் தோட்டத்துக்குப் போய், ஒரே ஒரு கல் பெயர்த்துக்கொண்டு வந்து, புதுப் பெண்ணின் அடுப்புக்கு வைக்க வேண்டும். கவர்னர் காலத்தில் பிரான்சிலிருந்து கப்பலின் அடிப்பாரமாக வந்த கல், ஒவ்வொன்றிலும் சின்னதாக ஒரு நங்கூரம் செதுக்கியிருக்கும், சூடு தாங்கும். அடிமைகளின் பிள்ளைகள் ஆரம்பித்த வழக்கம், தமிழர்கள் வந்ததும் அவர்களுக்கும் பிடித்துப் போயிற்று. யாரும் அதைத் திருட்டு என்று நினைத்ததில்லை. ஒரு கல்தானே. மாளிகை எவ்வளவு பெரிசு! இப்படியே இருநூறு வருஷம் கல்யாணம் பண்ணிக்கொண்டார்கள். ஒரு பக்கம் மாளிகைச் சுவரில் குண்டு எப்போது படும் என்று தமுக்கு அடித்துக் காத்திருந்தார்கள், மறுபக்கம் அந்தச் சுவரை ஒவ்வொரு கல்லாக வீட்டுக்குத் தூக்கிப் போனார்கள். இரண்டையும் செய்தவர்கள் ஒரே ஜனங்கள்தான், இரண்டையும் சேர்த்து யோசிக்க மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"நான் ஒண்ணுதான் எடுத்தேன்," என்றாள் ஃபெலிசிதே.

"உனக்கு மூணு கல்யாணம்," என்றார் மேயர்.

சரி, ஆளுக்கு ஒரு கல்லைத் திருப்பிக் கொடுங்கள், குண்டு வருகிற இடத்தில் சின்னதாக ஒரு சுவராவது எழுப்புவோம் என்று முடிவாயிற்று. மறுநாள் தோட்டத்தில் கல் குவிந்தது. ஒக்தாவ் போய் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தான். ஒன்றிலாவது நங்கூரம் இல்லை. எல்லாம் ஆற்றுக் கல். ஊருக்காக அடுப்பைப் பிரிக்க யாருக்கும் மனசு வரவில்லை. அடுத்தவன் தன் கல்லைக் கொடுத்துவிடுவான் என்று ஒவ்வொருவரும் ஆற்றங்கரைக்குப் போயிருந்தார்கள். மாரியம்மன் கோயில் பூசாரி மட்டும், மாளிகைக் கல்லில் போட்டிருந்த கோயில் வாசற்படியைப் பெயர்க்கக் கடப்பாரை எடுத்தார். பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு போட்ட சத்தத்தில் கடப்பாரையைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். ஒக்தாவ் ஒளிவு மறைவு இல்லாத மனுஷன். "இது கவர்னர் வீட்டுக் கல் இல்ல. நான் பொய் எழுத மாட்டேன்," என்றான். அவனுக்கு அதில் சந்தோஷமில்லை. இடிக்க ஒன்றுமில்லை என்று மேலிடத்துக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, தோல் பெட்டியில் சட்டைகளை மடித்து வைத்தான்.

ஒர்த்தான்ஸ் சமையலறையில் நின்றுகொண்டு அவன் சட்டை மடிப்பதைப் பார்த்தாள். இத்தனை வருஷம் அந்தக் குண்டுக்காக அவள் காத்திருந்தது இதற்குத்தான் என்றால், பேசாமல் ஆங்கிலேயன் அதைச் சுடாமலே இருந்திருக்கலாம். குண்டு அவள் பின்சுவரை நெருங்கியிருந்தது, அதற்கு வழிவிட ஓட்டை போடுவதற்கு அன்று கொத்தனாரை வரச் சொல்லியிருந்தாள். கொத்தனார் வந்து, சுவரில் கரியால் வட்டம் வரைந்து, உளியை வைத்தான்.

"நில்லு," என்றாள் ஒர்த்தான்ஸ்.

அவள் புருஷன் கபினா வீராப்பன் மூன்றாம் நாள் ஒரு கல்லோடு நின்ற ஆள் இல்லை. கோபக்காரன், வாய் நீளம், ஆனால் பெண்டாட்டி முகம் கோணினால் அவனுக்குச் சோறு இறங்காது. ஒவ்வொரு சண்டைக்கும் மறுநாள் காலையில் மாளிகைக்குப் போய் ஒரு கல் கொண்டு வந்து அவள் முன்னால் வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பான். அவர்கள் ஓயாமல் சண்டை போட்டார்கள். மழையில் இடிந்த பின்சுவரை அந்தக் கல்லையெல்லாம் வைத்துத்தான் கட்டினான். ஒருமுறை அவள் கோபித்துக்கொண்டு அக்காள் வீட்டுக்கே போய்விட்டபோது, கல் போதாது என்று தெரிந்து, தாழ்வாரத்தில் கிடந்த கவர்னரின் காபி நாற்காலியையே தலையில் சுமந்துகொண்டு வந்து நின்றான். இதில் ரகசியம் ஒன்றுமில்லை, ஊரே பார்த்துச் சிரித்ததுதான். அவளுக்குக் கல் ஒவ்வொன்றும் என்ன சண்டைக்கு வந்தது என்று தெரியும். கொத்தனார் உளி வைத்திருந்த கல், ஒக்தாவ் பிறந்தபோது பேர் வைத்ததில் மூண்ட சண்டைக்கு வந்தது.

"சுவத்துல கை வைக்காத. கூலிய வாங்கிட்டுப் போ," என்றாள்.

"வழி விடலன்னா குண்டு சுவத்த இடிச்சிடுமேம்மா," என்றான் கொத்தனார்.

"அவரு கட்டின சுவரு. எது இடிக்குதுன்னு பாத்துடறேன்."

ஒக்தாவ் வெளியே வந்து பார்த்தான், பஸ்ஸுக்குப் போகவில்லை. அடுத்த சில நாட்கள் ஊர் முழுக்க வந்து அந்தச் சமையலறையில் உட்கார்ந்துகொண்டது. வந்தவர்களுக்கெல்லாம் ஒர்த்தான்ஸ் குழம்பு ஊற்றினாள், பூசாரி விபூதி கொண்டு வந்தார், பாதிரியார் தீர்த்தம் கொண்டு வந்தார், இரண்டையும் அவள் வாங்கிச் சுவரில் பூசினாள். ஒரு மத்தியானம் குண்டு சுவரைத் தொட்டது. சத்தமே இல்லை. ஒரு துளி சுண்ணாம்பு உதிர்ந்தது. இருநூறு வருஷமாகக் கொதித்துக்கொண்டிருந்த இரும்பு, கை வைத்துப் பார்க்கிற அளவுக்குக் குளிர்ந்து, சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

எல்லாரும் ஒக்தாவைப் பார்த்தார்கள். அவன் மண்டியிட்டு, சுண்ணாம்பை நகத்தால் சுரண்டினான். நங்கூரம் தெரிந்தது. பக்கத்துக் கல்லைச் சுரண்டினான், அதிலும் நங்கூரம்.

"அம்மா, இது கவர்னர் வீட்டுச் சுவருன்னு நான் எழுதினா, இது கவர்னர் வீடாயிடும். உன் சமையலறை உன்னுதா இருக்காது. யோசிச்சுச் சொல்லு."

"நீ எங்க இருப்ப?"

"தலைநகரம் எங்கயோ அங்க."

"அப்ப எழுதுடா."

அவன் எழுதினான். சான்-பிரீஸ் மூன்று நாள் ஆடியது, பாடியது, பீடத்திலிருந்து மீனை எடுத்துவிட்டுக் கழுவியது. அப்புறம் தலைநகரம் வந்தது. லாரி லாரியாக பீரோக்கள் வந்தன, பீரோக்களோடு குமாஸ்தாக்கள் வந்தார்கள். ஆடு மேய்க்க அனுமதிச் சீட்டு வேண்டும் என்றார்கள், தெருவில் மீன் வறுக்கக் கூடாது என்றார்கள், சைரன் வைத்த கார் சந்தைக்குள் போய்க் காய்கறிக் கூடைகளைக் கவிழ்த்தது. குண்டுச் சந்து பாதுகாப்புக்கு இடைஞ்சல், எல்லா ஓட்டைகளையும் சிமெண்டு வைத்து அடையுங்கள் என்று உத்தரவு போட்டார்கள். தலைநகரம் என்றால் இதுதானா என்று ஜனங்கள் திகைத்தார்கள். மேயர் சிப்ரியேனைப் பார்க்க மேயர் சிப்ரியேனே மனு போட வேண்டியிருந்தது. ஒக்தாவ் பாடு அதைவிட மோசம். தலைநகரத்தைக் கொண்டு வந்தவன் என்று அவனைக் காலையிலிருந்து இருட்டும் வரை ஆள் மாற்றி ஆள் கூப்பிட்டார்கள். எட்டு வீடு தள்ளித்தான் இருந்தான், சாப்பிட வரவில்லை. ஒர்த்தான்ஸின் தட்டு தனியாகத்தான் இருந்தது. இவ்வளவு செய்தும் இப்படியா என்று அவள் அடுப்பங்கரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

கடைசியில் கவர்னர் தன் அதிகாரபூர்வ வீட்டுக்குக் குடிவந்தார். கவர்னர் ஃப்ளோரிமோன் பருத்த, மரியாதையான மனுஷர், தங்கப் பின்னல் வைத்த கோட்டு. சமையலறை வாசலில் அவர் குனிந்து நுழைந்தபோது, சுவரோரம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஒர்த்தான்ஸின் தோள் குண்டில் உரசியது. சுரீரென்று சுட்டது. அவள் திரும்பிக் குண்டைப் பார்த்தாள், கவர்னரைப் பார்த்தாள், மறுபடி குண்டைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வாங்க துரை, வாங்க. நிக்கறீங்களே," என்று மூலையில் கிடந்த பழைய காபி நாற்காலியை இழுத்து, முந்தானையால் தட்டி, குண்டுக்கு நேர் எதிரே சமையலறை நடுவில் போட்டாள். "கோட்டைக் கழட்டி நாற்காலியிலேயே மாட்டிக்கோங்க. அடுப்படி, புழுங்கும்."

கவர்னர் மாட்டினார், உட்கார்ந்தார். அவள் காபி கொடுத்தாள். அவர் அதிகாரிகளுக்கு ஓட்டை அடைப்பது பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் கோப்பை காலியாகக் காலியாக ஊற்றிக்கொண்டிருந்தாள். மூன்றாம் கோப்பையில் கவர்னர் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "இங்க ரொம்ப வெக்கை," என்றார்.

"அது வெக்கை இல்ல துரை," என்றாள் ஒர்த்தான்ஸ்.

கவர்னர் திரும்பினார். குண்டு சுவரைவிட்டுப் பிரிந்திருந்தது. பிரிந்து, திரும்பி, அவரைப் பார்த்து ஒரு நூலளவு வந்திருந்தது.

"இது… ஓஞ்சிடுச்சுன்னு சொன்னீங்களே?"

"சுவத்துக்கு ஓஞ்சிடுச்சு துரை. சுட்டவன் சுவத்துக்கா சுட்டான்? கவர்னருக்குல்ல சுட்டான். நீங்க உக்காருங்க, அவசரமே இல்ல. இங்கேர்ந்து அங்க வர எத்தன மாசமோ. இன்னொரு கோப்பை ஊத்தட்டா?"

கவர்னர் ஃப்ளோரிமோன் கோழை இல்லை. ஆனால் அந்தக் கறுப்பு உருண்டையைப் பார்த்துக்கொண்டு தினமும் காபி குடிப்பதை மனசுக்குள் ஒருமுறை நினைத்துப் பார்த்தார், எழுந்துவிட்டார். பொழுது சாய்வதற்குள் பீரோக்கள் மறுபடியும் லாரி ஏறின. போகிற போக்கில் அவர் ஓர் உத்தரவு போட்டார்: குண்டு உண்மையிலேயே ஓயும் வரைக்கும் தலைநகரம் போர்-நெஃபிலேயே இருக்கும், அதுவரை அதைக் கண்காணித்து வாராவாரம் தெரிவிக்க, இதற்கெல்லாம் காரணமான பொறியாளர் ஒக்தாவ் வீராப்பன் அதே சமையலறை உள்ள வீட்டில் தங்கியிருக்க வேண்டும். நாற்காலியில் மாட்டிய கோட்டை எடுத்து வர எந்த அதிகாரிக்கும் துணிச்சல் வரவில்லை. சைரன் கார் ஊரெல்லை தாண்டியதும் மீன் வறுக்கிற வாசனை கிளம்பியது, மேயர் சிப்ரியேன் மனு எதுவும் இல்லாமல் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். தலைநகரம் கட்டாயம் திரும்பி வரும் என்று அடுத்த வருஷம் தமுக்கு அடித்தபோது, ஜனங்கள் முன்னைவிட அதிகமாகக் கைதட்டினார்கள், ரம் குடித்தார்கள், ஒருவரும் கேள்வி கேட்கவில்லை.

குண்டு இப்போது நாற்காலியில் தொங்குகிற கோட்டுதான் கவர்னர் என்று நினைத்துக்கொண்டு, நாளொன்றுக்கு ஒரு விரற்கடை, அதை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. ஒக்தாவ் ஒவ்வொரு சனிக்கிழமையும் நாடாவைப் பிடித்துக் குண்டுக்கும் கோட்டுக்கும் உள்ள இடைவெளியை அளப்பான். முதல் சனிக்கிழமை அளந்தான், அடுத்த சனிக்கிழமை அளந்தான், அதற்கடுத்த சனிக்கிழமையும் அளந்துவிட்டு நாடாவைச் சுருட்டாமல் நின்றான். இடைவெளி குறையவே இல்லை.

"அம்மா, நாற்காலி இருந்த இடத்துல இல்ல போலருக்கே."

"வீடுன்னு இருந்தா பெருக்க வேணாமா? பெருக்கும்போது அங்க இங்க நகரத்தான் செய்யும்," என்றாள் ஒர்த்தான்ஸ், அடுப்பிலிருந்து முகத்தைத் திருப்பாமல்.

ஒக்தாவ் தரையைப் பார்த்தான். நாற்காலிக் கால்கள் தேய்த்த தடம் சுவரோரமாக வளைந்து போயிற்று. சின்னச் சமையலறைதான், ஆனால் வட்டமாகச் சுற்றினால் அதற்கு முடிவே கிடையாது என்று ஒரு பொறியாளருக்குத் தெரியாதா? பிறகு உட்கார்ந்து, அந்த வாரத் தபாலில், குண்டு வந்துகொண்டிருக்கிறது என்று எழுதினான். அது பொய் இல்லை. எழுதியதை மடித்து வைத்துவிட்டு, தட்டை நீட்டினான்.

"இன்னொரு கரண்டி ஊத்தும்மா."